ஓய்வு: எட்டு மணி நேரம்

சேட்டுவின் இடுப்பு இப்போது
என் கணினியில்
இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் துண்டுகள்.

ஸ்கேன் எடுக்கப் படுத்தபோது
அரைஞாண் கயிற்றைக் கழற்ற மறுத்துவிட்டார்.
அதில் கோத்திருந்த வெள்ளித் தாயத்து
நான்காம் எலும்பின் மேல்
நட்சத்திரமாய்ச் சிதறி விழுந்தது.
ஒவ்வொரு கதிராக அழித்து
எலும்பின் கரையைக் கண்டுபிடிக்க
எனக்கு ஒன்பது நாள்.

முதலில் எலும்பும் வட்டும் மட்டும்.
தசை வைக்கவில்லை.
தலைப்பில் ஒன்பது கிலோ ஏற்றினேன்,
ஒரு வயதுக் குழந்தையின் எடை.
தண்டு சாய்ந்து படுத்துக்கொண்டது.

லீ பஜாரில் அதே தண்டு
தொண்ணூறு கிலோ ஜவ்வரிசி மூட்டைக்கு அடியில் நின்று
யாரிடமோ பீடி கேட்கிறது.

பாரத்தை நேராக இறக்காதே,
வளைவோடு வளைவாகப் போகவிடு
என்று படித்திருந்தேன். படித்ததுதான்.
புரிந்தது ஏற்காட்டிலிருந்து இறங்கிய பஸ்ஸில்.
பன்னிரண்டாம் கொண்டை ஊசியில்
டிரைவர் ஸ்டியரிங்கை மார்போடு அணைத்து இழுக்க,
நாங்கள் நாற்பது பேர், நான்கு பலாப்பழம்,
சாக்கில் கட்டிய ஒரு கோழி
எல்லோரும் பள்ளத்தை நோக்கிப் போகாமல்
ரோட்டோடு திரும்பினோம்.
மறுநாள் காலை
ஒவ்வொரு எலும்புக்கும் பக்கத்துக்கு ஒன்றாய்க் கயிறு கட்டினேன்.
தண்டு நின்றது.

நின்றதே தவிர, தீர்வு குவியவில்லை.
பதினேழு இரவு.
அடி எலும்பை எல்லாத் திசையிலும் பூட்டியிருந்தேன்,
அசைவு பூஜ்யம், சுழற்சி பூஜ்யம்,
பூமியில் யாருக்கும் அப்படி ஒரு அடித்தளம் கிடையாது.

குவிந்த நாளில்
நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே
பின்புறம், இடது ஓரம், சிவப்பு.
பயந்துவிட வேண்டாம்.
அளவுகோலை வைத்தவள் நான்.
மேல் எல்லையைக் கொஞ்சம் ஏற்றினால்
அதே இடம் பச்சை.
மெகாபாஸ்கலில் யாருக்கும் வலிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிக் காட்டினேன்.
தன் எலும்பைத் தானே பார்க்கிறவரின் முகம்
எப்படியிருக்கும் என்று நினைத்திருந்தேனோ
அப்படியெல்லாம் இல்லை.
"மூட்டை எங்க?"
மேலிருந்து இறங்கும் மஞ்சள் அம்பைத் தொட்டேன்.
குனிந்தார். குனியும்போது
கை தானாக மேசை விளிம்பைப் பிடித்தது.
"இது நேரா எறங்குது.
மூட்டை என்னிக்கு நேரா எறங்கிச்சு?
லாரில இருந்து முதுகுக்கு வரப்ப கனமில்லம்மா.
அட்டில போட இடுப்பத் திருப்புறோம் பாரு,
அப்பத்தான் அது நம்மள எடை போடும்."

திருகு சேர்த்தேன், ஏழரை நியூட்டன் மீட்டர்.
சிவப்பு இடம் மாறவில்லை,
பரவியது.
அளவுகோலை நான் தொடவில்லை.

திரையின் ஓரத்தில்
'ஓய்வு: 8' என்றிருந்ததைக் கேட்டார்.
சொன்னேன்:
பகலெல்லாம் வட்டு பிழியப்பட்டு நீர் விடும்,
இரவு படுத்ததும் திரும்பக் குடித்துக்கொள்ளும்,
அதனால் விடியலில் எல்லோருமே
அரை விரற்கடை உயரம் கூட.
"ஜவ்வரிசி ஊறுற மாதிரி."
ஆமாம் என்றேன்.
இத்தனை மாதத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

"எட்டு மணி நேரம்," என்றார் மெல்ல,
வேறு ஊர்ப் பெயரைச் சொல்வது போல.
"ஆத்தூர் லோடு ரெண்டு மணிக்கு வரும்.
ரெண்டுன்னா ராத்திரி ரெண்டு.
அது முடிஞ்சு காலி சாக்குல சாஞ்சா
கடை திறந்துடுவாங்க."

அவர் போன பிறகு எட்டை அழித்தேன்.
மூன்று என்று போட்டேன்.
யோசித்து, இரண்டரை.
அதையும் ஒரே துண்டாக வைக்கலாமா
இரண்டாக உடைக்க வேண்டுமா
என்று கேட்க மறந்திருந்தேன்.

ஓடவிட்டு நிமிர்ந்தபோது
மணி ஒன்று நாற்பது.
மலைமேல் இரண்டு விளக்கு.
பஜார் முனையில் லாரி திரும்பியிருக்கும்,
தார்ப்பாய்க் கயிற்றை
யாரோ அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள்.